பாதி மாத்திரைதானே? ‘நரம்பு மாத்திரை’ என்று நாம் சொல்லும் பென்சோடையசெபின்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்த மாத்திரையை யாரும் அதன் சொந்தப் பெயரில் கேட்பது அபூர்வம். தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை, டென்ஷன் மாத்திரை, இல்லாவிட்டால் “அண்ணா, அந்தச் சின்ன மாத்திரை.” எத்தனை வருசமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று வீட்டில் யாராவது கேட்டால், “பாதிதாம்பா போடறேன்” என்று பதில் வரும். கேட்டது காலத்தை, வந்த பதில் அளவைப் பற்றி. இந்த மருந்தில் பெரும்பாலான சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எவ்வளவு என்பதைவிட எத்தனை நாள் என்பதுதான் இங்கே பெரிய கேள்வி.

முதலில் கையில் இருப்பது பென்சோடையசெபின் வகைதானா என்று பார்க்க வேண்டும். அட்டையின் பின்பக்கம் பிராண்டு பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் சிறிய எழுத்தில் இருக்கும். அது ‘செபாம்’ என்றோ ‘சோலம்’ என்றோ முடிந்தால் அநேகமாக இந்தக் குடும்பம்தான்: டயசெபாம், லோரசெபாம், குளோனசெபாம், நைட்ரசெபாம், அல்பிரசோலம், மிடசோலம். அப்படி முடியாத இரண்டு பேரும் உண்டு, குளோர்டயசெபாக்சைடும் குளோபசாமும். (‘சோல்’ என்று முடியும் பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் எல்லாம் வயிற்று எரிச்சல் மாத்திரைகள். அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பிராண்டு பெயரில் சொன்னால் பலருக்குச் சட்டென்று தெரியும்: ஆல்பிராக்ஸ், ரெஸ்டில், அடிவான், ரிவோட்ரில், லோனாசெப், பிரிசியம், லிப்ரியம், பழைய ஆட்கள் சொல்லும் காம்போஸ்.

கண்ணில் படாமல் உள்ளே வருவது கூட்டு மாத்திரை. எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தோடு குளோனசெபாம் சேர்ந்து ஒரே மாத்திரையாக வருகிறது. பிராண்டு பெயருக்குப் பின்னால் ‘பிளஸ்’ என்று இருந்தால் சந்தேகப்பட்டுப் படியுங்கள். படபடப்புக்குத் தரும் புரோபிரனோலாலோடு அல்பிரசோலமோ குளோனசெபாமோ சேர்ந்து வரும். இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது வயிற்று மாத்திரை. சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்து இழுக்கிறது, அடிக்கடி வெளியே போகிறது என்பவர்களுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளில் கிளிடினியத்தோடு 5 மி.கி. குளோர்டயசெபாக்சைடு இருக்கிறது. தினம் மூன்று வேளை, மாதக்கணக்கில் அதைச் சாப்பிடுகிறவர் தன்னை வயிற்று நோயாளியாகத்தான் நினைத்துக்கொள்வார். ஒருநாள் அதை நிறுத்திவிட்டுத் தூக்கம் வராமல், கை நடுங்கி உட்கார்ந்திருக்கும்போது காரணம் அவருக்கும் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை வேதியியல்படி இந்தக் குடும்பம் அல்ல. ஆனால் மூளையில் அதே இடத்தில்தான் போய் உட்காருகிறது. கீழே சொல்லும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

தொப்பூர்க் கணவாயும் மூளையின் பிரேக்கும்

மூளையில் நரம்புச் செல்களைக் கிளப்பிவிடும் பொருள்களும் உண்டு, அடக்கும் பொருள்களும் உண்டு. அடக்குவதில் முக்கியமானதன் பெயர் காபா. அது நரம்புச் செல்லின் மேல் உள்ள ஒரு கதவில் பொருந்தினால் கதவு திறந்து குளோரைடு அயனிகள் உள்ளே போகும். செல் அமைதியாகும். பென்சோடையசெபின் அந்தக் கதவின் இன்னொரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, காபா வரும்போதெல்லாம் கதவு அடிக்கடி திறக்கும்படி செய்கிறது.

லாரிக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். காபா என்பது பிரேக்கை மிதிக்கும் கால். பென்சோடையசெபின் அந்த மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர். கால் வைக்காவிட்டால் பூஸ்டர் தானாக வண்டியை நிறுத்தாது. 1960-க்கு முன் தூக்கத்துக்குப் பரவலாகக் கொடுத்த பார்பிட்யுரேட்டுகள், அளவு கூடினால் காபா இல்லாமலே தாங்களாகக் கதவைத் திறந்து மூச்சையே நிறுத்திவிடும். புது வகை வந்ததும் டாக்டர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். ஹாப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் 1955-இல் தயாரித்து ஓரமாக வைத்துவிட்ட ஒரு பொருளை, 1957-இல் ஆய்வுக்கூடத்தை ஒழுங்குபடுத்தும்போது எடுத்துச் சோதித்ததில் பிறந்தது குளோர்டயசெபாக்சைடு. 1960-இல் லிப்ரியமாகக் கடைக்கு வந்தது. 1963-இல் வேலியம், அதாவது டயசெபாம்.

இப்போது தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் இறக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றிய லாரி, கியரில் வண்டியைக் கட்டுப்படுத்தாமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். மிதிக்க மிதிக்கப் பிடிக்காது. தினமும் மாத்திரை போடும் மூளையிலும் ஏறத்தாழ அதுதான் நடக்கிறது. ‘இவ்வளவு பிரேக் எதற்கு’ என்று மூளை அந்தக் கதவுகளின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, கிளப்பிவிடும் பக்கத்தை ஏற்றிக்கொள்கிறது. தூக்கத்துக்கான பலன்தான் முதலில், சில வாரங்களிலேயே மங்கும். அப்போது பாதி ஒன்றாகும், ஒன்று ஒன்றரையாகும். அந்த நிலையில் ஒரே நாளில் மாத்திரையை விட்டால் பிரேக்கும் தேய்ந்திருக்கிறது, ஆக்சிலரேட்டரும் அழுந்தியிருக்கிறது, சாலையோ இறக்கம். தூக்கமின்மை, நடுக்கம், வியர்வை, பதற்றம், சிலருக்கு வலிப்பு.

0.5 சின்ன எண், சின்ன டோஸ் அல்ல

ஒரு மருந்தின் மில்லிகிராமை இன்னொரு மருந்தின் மில்லிகிராமோடு ஒப்பிடவே கூடாது. டயசெபாம் 10 மி.கி.க்குத் தோராயமாகச் சமமானது லோரசெபாமில் 1 மி.கி., அல்பிரசோலத்திலும் குளோனசெபாமிலும் 0.5 மி.கி., குளோர்டயசெபாக்சைடில் 25 மி.கி., நைட்ரசெபாமில் 10 மி.கி., குளோபசாமில் 20 மி.கி. ஆகவே குளோனசெபாம் 0.5 சாப்பிடும் பாட்டி, காம்போஸ் 10 சாப்பிடும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து “எனக்கு அரைதான், அவருக்குப் பத்து” என்று ஆறுதல் படுவதில் அர்த்தமில்லை. இருவரும் ஒரே அளவில்தான் இருக்கிறார்கள். அதேபோல, கடையில் ஒன்று இல்லையென்று “அதே மாதிரி வேற” வாங்கிக்கொள்வது இரட்டிப்பு டோஸிலோ பாதி டோஸிலோ கொண்டுபோய் விடலாம்.

அடுத்தது உடம்பில் தங்கும் நேரம். ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். மிடசோலத்துக்கு அது சுமார் 2 மணி. அல்பிரசோலத்துக்குச் சுமார் 11 மணி, லோரசெபாமுக்கு 10 முதல் 20 மணி. குளோனசெபாமுக்கு ஒரு நாளையும் தாண்டலாம். டயசெபாம், கல்லீரலில் மாறி உண்டாகும் துணைப் பொருளோடு சேர்த்துப் பார்த்தால் நாள்கணக்கில் நிற்கும்.

குளோனசெபாமின் அரை ஆயுளை 36 மணி என்று வைத்துக் கணக்குப் போடுவோம். நேற்றிரவு போட்டதில் 63 சதவீதம் இன்றிரவும் உள்ளே இருக்கிறது. அதன் மேல் இன்னொன்று போடுகிறீர்கள். இப்படியே ஒரு வாரம் போனால், மாத்திரை போட்ட கையோடு உடம்பில் இருப்பது ஒன்றல்ல, இரண்டரைக்கும் மேல். “முதல் நாள் ஒண்ணும் தெரியல, நாலாம் நாள்லருந்து காலைல தலை பாரமா இருக்குது” என்பதற்கு இதுதான் விளக்கம். வயதானவர்களில் இந்தக் கணக்கு இன்னும் நீளும்.

சீக்கிரம் வெளியேறும் அல்பிரசோலத்தில் தொல்லை வேறு மாதிரி. அடுத்த வேளைக்கு முன்பே அளவு இறங்கி, இரண்டு மாத்திரைகளுக்கு நடுவில் பதற்றம் தலைதூக்கும். சாப்பிடுகிறவர் அதை நோய் என்று எண்ணி ஒரு மணி முன்னதாக அடுத்ததைப் போடுவார். பழக்கம் இறுகுவது இப்படித்தான்.

உயிரைக் காக்கும் இடங்கள்

இதைப் படித்துவிட்டு இந்த மருந்தையே கண்டு பயப்பட வேண்டாம். வலிப்பு நிற்காத ஒருவருக்கு இதற்கு இணையாக முதலில் கையில் எடுக்க வேறொன்று இல்லை.

கை கால் வெட்டும் வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும். 5 நிமிடம் தாண்டினால் அது அவசர நிலை. நேரம் போகப் போக நிறுத்துவது கடினமாகும். மருத்துவமனையில் ரத்தக்குழாய் வழியாக லோரசெபாம், கிலோவுக்கு 0.1 மி.கி., ஒரு தடவைக்கு அதிகபட்சம் 4 மி.கி., மெதுவாக ஏற்றுவார்கள். சித்தேரி மலையிலோ, வத்தல்மலையிலோ, தேன்கனிக்கோட்டைக்கு மேலே பெட்டமுகிலாளத்திலோ இருப்பவர்களுக்கு அந்த ஊசி வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அதற்குத்தான் மிடசோலம் மூக்கு ஸ்பிரே. அடிக்கடி வலிப்பு வரும் குழந்தை இருக்கும் வீட்டில், டாக்டரைக் கேட்டு ஒன்று வாங்கி வைத்திருப்பது நல்லது. வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மி.கி.; 15 கிலோ குழந்தைக்கு 3 மி.கி. ஆனால் ஒரு அழுத்தலுக்கு 0.5 மி.கி. வரும் புட்டியும் உண்டு, 1.25 மி.கி. வரும் புட்டியும் உண்டு. எனவே ‘எத்தனை அழுத்தல்’ என்பதை அந்தந்தப் புட்டிக்குக் கணக்குப் போட்டு, டாக்டர் கையால் எழுதி வாங்கி, புட்டியிலேயே ஒட்டிவிடுங்கள். புட்டியின் பிராண்டு மாறினால் எண்ணும் மாறும்.

வலிப்பு வந்ததும் மணியைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. அது தானாக நிற்கும் நேரத்தில் சாவிக்குப் பெயர் கிடைக்கிறது, அவ்வளவுதான். டாக்டர் சொன்ன நிமிடம் தாண்டியதும் அழுத்தல்களை இரண்டு மூக்குத் துளைகளிலும் மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். முதல் வலிப்பு என்றாலோ, 5 நிமிடம் தாண்டினாலோ, மூச்சு சரியில்லை என்றாலோ அழைக்கத் தயங்க வேண்டாம்.

இரண்டாவது இடம், குடியை நிறுத்துவது. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுகிறவர், பல வருடக் குடியை அன்றைக்கே அடியோடு விடுகிறார். நல்ல காரியம்தான், ஆனால் தினம் குடித்த உடம்புக்கு அது திடீர் நிறுத்தம். மதுவும் காபாவின் வழியாகவே வேலை செய்வதால், மேலே சொன்ன தேய்ந்த பிரேக் கதை அப்படியே இங்கும் நடக்கும். கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 8 மணியில் கை நடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள் சிலருக்குப் பிதற்றல். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், ஆள் அடையாளம் தெரியாது, ராத்திரி எழுந்து ஓடப் பார்ப்பார். சாமி குற்றம் என்று வீட்டார் பயந்து கோயிலுக்குக் கூட்டிப்போகும் நேரத்தில் ஆள் கைமீறிப் போய்விடலாம். இதற்கான மருந்து குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம். முதல் நாள் கூடுதலாகத் தொடங்கி, 5 முதல் 10 நாளில் படிப்படியாகக் குறைத்து முடிப்பார்கள். கல்லீரல் கெட்டவர்களுக்கு லோரசெபாம். கூடவே தயாமின் என்கிற வைட்டமின் பி1 ஊசி. அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றினால் சிலருக்கு மூளை பாதிக்கும். இந்தச் சிகிச்சையை வீட்டிலேயே, பழைய சீட்டை வைத்துச் செய்யக்கூடாது. காரணம் எளிது: நாலாம் நாள் ஆள் மறுபடி குடித்தால் மருந்தும் மதுவும் சேர்ந்து மூச்சை அமுக்கும்.

பூச்சிமருந்து குடித்து வருபவர்களில், ஆர்கனோபாஸ்பரஸ் வகையால் வலிப்பு வந்தால் அட்ரோபினோடு டயசெபாமும் கொடுப்பார்கள். டெட்டனஸ் இறுக்கம், ஆபரேஷனுக்கு முன் பயம் தணிப்பது, கேட்டடோனியா என்ற உறைந்துபோன மனநோய் நிலை என்று இன்னும் பல பயன்கள் உண்டு. கேட்டடோனியாவில் சாப்பிடாமல் பேசாமல் சிலை மாதிரி இருந்தவர் லோரசெபாம் கொடுத்த சில மணியில் தண்ணீர் கேட்பதும் உண்டு. குளோபசாம், குளோனசெபாம் ஆகியவை வலிப்பு நோய்க்கு நீண்டகாலத் துணை மருந்தாகவும் தரப்படும். அவர்களுக்கு ‘சில வாரம்தான்’ என்ற விதி பொருந்தாது. வலிப்புக்காகச் சாப்பிடுகிறவர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வேளையைக்கூட விட்டுவிடக் கூடாது.

பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும்

இங்கேதான் அதிகமாகக் கொடுக்கப்படுகிறது, இங்கேதான் அதிகமாகத் தவறுகிறது. கடுமையான பதற்றத்திலும், நெஞ்சு அடைத்து உயிர் போவதுபோல் வரும் பேனிக் தாக்குதலிலும் இந்த மாத்திரை அரை மணி, ஒரு மணியில் வேலை செய்யும். அதே நோய்க்கான அடிப்படை மருந்துகள், எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை, பலன் காட்ட 2 முதல் 6 வாரம் எடுக்கும். அந்த இடைவெளியைக் கடக்கத் தற்காலிகப் பாலமாக 2 முதல் 4 வாரம் பென்சோடையசெபின் கொடுத்து, பிறகு அதை மட்டும் இறக்கிவிட வேண்டும் என்பது திட்டம். நடப்பது என்னவென்றால், இரண்டும் ஒரே மாத்திரையில் இருந்தால் ஒன்றை மட்டும் இறக்க முடியாது. தனித்தனியாக இருந்தாலோ, உடனே பலன் தெரிந்ததுதான் ‘நல்ல மாத்திரை’. மெதுவாக வேலை செய்வதை நோயாளி தானே நிறுத்திவிடுவார். பாலம் நிற்கிறது, ஆறு வற்றவில்லை.

ஆகவே சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “சார், இதை எந்தத் தேதில நிறுத்தணும்?” தேதியைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பத்து நிமிடம் காத்திருந்தாலும் கேட்டு வாங்க வேண்டிய தேதி அது.

தூக்கத்தில் இன்னொரு கேள்வியும் சேரும்: தூங்காததற்குக் காரணம் என்ன? ஓசூர் சிப்காட்டில் வாரம் ஒரு ஷிப்டு மாறுகிறவர், மும்முனைக் கரண்டு ராத்திரி வருவதால் இரண்டு மணிக்கு எழுந்து மோட்டார் போடும் விவசாயி, இவர்களுக்கு மூளையில் கோளாறில்லை, கடிகாரத்தில்தான் கோளாறு. குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று, திணறி எழுகிறவருக்கு இந்த மாத்திரை ஆபத்தே. தொண்டைத் தசை இன்னும் தளர்ந்து மூச்சு இன்னும் அடைக்கும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் செய்ய வேண்டியது மருந்தில்லாத பயிற்சி: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் தினம் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, இருபது நிமிடமாகியும் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருவது, பகல் தூக்கத்தையும் மதியத்துக்குப் பிறகு காபி டீயையும் விடுவது. முதல் பத்து நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பலன் தேய்வதில்லை.

எங்கே சறுக்குகிறது

வயதானவர்கள் விழுவது. ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்த பாட்டி, வாசல்படியில் கால் தடுமாறி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டால், விழுந்த காரணம் இருட்டு என்றுதான் எழுதப்படும். முந்தின இரவு போட்ட மாத்திரையை யாரும் எழுதுவதில்லை. 65 வயதுக்கு மேல் இந்த மருந்துகளை முடிந்தவரை தவிர்க்கச் சொல்வது விழுதலும் மனக்குழப்பமும் காரணமாகத்தான். மறதி என்று கூட்டி வரும் சிலருக்கு மாத்திரையை மெல்ல இறக்கியதும் தலை தெளிவதுண்டு. புதிதாக நடந்ததை மூளை பதியாமல் போவது இந்த மருந்தின் இயல்பே. ஆபரேஷன் மேசையில் அது வரம், வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று தெரியாமல் போவது வரமல்ல.

வண்டி ஓட்டுதல். காலையில் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று தோன்றும்போதே பிரேக் மிதிக்கும் வேகம் குறைந்திருக்கும். தேசிய நெடுஞ்சாலை 44-இல் வண்டி ஓட்டிப் பிழைப்பவர், மாம்பழக்கூழ் ஆலையில் மிஷின் பக்கத்தில் நிற்பவர், டாக்டரிடம் தன் தொழிலை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சேர்க்கைதான் கொல்கிறது. தனியாக இந்த மாத்திரை அதிகமானால் பெரும்பாலும் ஆழ்ந்த மயக்கம். மதுவோடும் ஓபியாய்டு வலி மருந்துகளோடும் சேர்ந்தால் மூச்சு நிற்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் ஓபியாய்டோடு சேர்ப்பதற்கும், 2020-இல் அடிமைப்படுதல், விலகல் பாதிப்பு (மருந்தை விட்டதும் வரும் தொல்லைகள்) ஆகியவற்றுக்கும் தன் மிகக் கடுமையான, கட்டம் போட்ட எச்சரிக்கையை இவற்றின் மேல் ஒட்டியது. ஓபியாய்டு என்றதும் எங்கோ இருப்பதாக நினைக்க வேண்டாம். முதுகு வலிக்குத் தரும் டிரமடால், டேபன்டடால், கொடீன் உள்ள இருமல் டானிக் எல்லாம் அதுதான். சர்க்கரை நோயாளியின் பாத எரிச்சலுக்குத் தரும் பிரிகாபலின், சளிக்குத் தரும் தூக்கம் வரும் மாத்திரைகள் ஆகியவையும் மேலே மேலே அடுக்கும். தெலங்கானாவில் கள்ளில் அல்பிரசோலத்தையும் டயசெபாமையும் கலந்து விற்றதும், கலப்படம் தடுக்கப்பட்டபோது குடித்துப் பழகியவர்கள் நடுக்கத்தோடும் வலிப்போடும் ஆஸ்பத்திரிகளில் குவிந்ததும், இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் சேர்த்து ஒரே சாட்சி.

யாரும் எதிர்பார்க்காத ஒன்று படர்தாமரை மாத்திரை. இட்ராகோனசோல் வாரக்கணக்கில் எழுதப்படும் காலம் இது. கல்லீரலில் அல்பிரசோலத்தைக் கரைக்கும் என்சைமை அது முடக்கிவிடுவதால், அதே அரை மாத்திரை உடம்பில் இரண்டு மடங்குக்கும் மேலான நேரம் நிற்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆன்டிபயாடிக்குகளும் இதே வேலையைச் செய்யும். நேர்மாறாக, காசநோய்க்கான ரிபாம்பிசின் பல பென்சோடையசெபின்களைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். தோல் டாக்டரிடமும் சரி, சளிக்குப் போகும் கிளினிக்கிலும் சரி, நரம்பு மாத்திரையின் அட்டையையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

கர்ப்பிணிகள் தானாகத் தொடங்கவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது. பிரசவ நேரத்தில் தாய் சாப்பிட்டிருந்தால் குழந்தை துவண்டு, பால் குடிக்கச் சிரமப்படலாம். மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய், கடுமையான கல்லீரல் நோய், முற்றிய நுரையீரல் நோய், கண்ணில் திடீர் அழுத்த நோய் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். குழந்தைகளிலும் முதியவர்களிலும் சிலருக்கு நேரெதிராக, அமைதிக்குப் பதில் ஆத்திரமும் அலைச்சலும் வரும். அப்போது அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகும்.

இறங்கும் வழி

ஒரு மாதத்துக்கு மேல் தினமும் சாப்பிட்டவர் நாளைக்கே நிறுத்தக்கூடாது. அல்பிரசோலம், லோரசெபாம் போன்றவற்றை விட்டால் ஓரிரு நாளில் விலகல் அறிகுறிகள் வரும். குளோனசெபாம், டயசெபாமில் அது ஒரு வாரம் தள்ளியும் வரலாம்; “விட்டு அஞ்சு நாளாச்சு, ஒண்ணும் ஆகல” என்று தைரியம் கொள்ள முடியாது. கல்யாண வேலையில் மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் விட்டுப்போனதும் வரும் நடுக்கத்தைப் பார்த்து, “பாத்தீங்களா, மாத்திரை இல்லாம எனக்கு முடியாது, நோய் அப்படியே இருக்குது” என்று முடிவு கட்டுகிறார்கள். பல நேரம் அது நோய் அல்ல, மாத்திரையின் வாடகை பாக்கி.

2025-இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டல், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கத் தொடங்கலாம், 2 வாரத்துக்கு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. குளோனசெபாம் 1 மி.கி. சாப்பிடுகிறவரை எடுத்துக்கொள்வோம். 0.25 மாத்திரையைப் பாதியாக்கினால் 0.125. முதல் படி 0.875, அதாவது 12.5 சதவீத இறக்கம். பரவாயில்லை. ஆனால் கடைசியில் 0.25-இலிருந்து 0.125-க்கு இறங்குவது 50 சதவீதம். ஆரம்பத்தில் சுலபமாக இறங்கியவர் கடைசியில் தடுமாறுவதற்கு மனஉறுதி குறைந்தது காரணமல்ல, கணக்குதான் காரணம். அந்த இடத்தில் டாக்டர்கள் சில சமயம் 5 மி.கி. டயசெபாமுக்கு மாற்றுவார்கள். அதில் சிறுகச் சிறுக இறக்க இடம் உண்டு. மெதுவாக வெளியேறுவதால் குலுக்கலும் குறைவு.

வழக்கமாக நடக்கும் தவறு, ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது. சீக்கிரம் வெளியேறும் மருந்தில் அது மாத்திரை விடும் ஒவ்வொரு நாளும் ஒரு சின்ன விலகலை உண்டாக்குவதுதான். தினம் போடுங்கள், அளவைக் குறையுங்கள். ‘எஸ்ஆர்’ என்று போட்ட நீடித்த மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. ஒரு படியில் தாங்க முடியாவிட்டால் அங்கேயே இரண்டு வாரம் கூடுதலாக நில்லுங்கள். முன்பு வலிப்பு வந்தவர், தினம் குடிப்பவர், அதிக அளவில் சாப்பிடுபவர், கர்ப்பிணி, இவர்கள் வீட்டில் இருந்துகொண்டு இறக்கப் பார்க்கக்கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஏற்கெனவே பார்ப்பவர்கள் அங்குள்ள சீட்டையே தொடரட்டும், இரண்டு இடத்துச் சீட்டும் வேண்டாம். யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மனஸ் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

கடையும் வீடும்

அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், குளோர்டயசெபாக்சைடு, மிடசோலம் ஆகியவை 2014 மார்ச் முதல், டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லை என்று திருப்பி அனுப்புகிற மெடிக்கல்காரரிடம் கோபப்பட ஒன்றுமில்லை. சீட்டில்லாமல் முழு அட்டையைத் தூக்கிக் கொடுக்கிறவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

வீட்டில் இதைப் பாரசிட்டமாலோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். குழந்தை எடுத்து விழுங்கிவிட்டாலோ, யாராவது வேண்டுமென்றே நிறையச் சாப்பிட்டுவிட்டாலோ, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு ஓடுகிறதா என்று பார்த்தபடியே 108-ஐ அழையுங்கள். காலி அட்டையைத் தேடி எடுத்துக் கூடவே கொண்டுபோங்கள். இதற்கு புளூமசெனில் என்ற மாற்று மருந்து உண்டு. ஆனால் அதன் வேலை சுமார் ஒரு மணி நேரத்தில் தீர்ந்து மயக்கம் திரும்பலாம். வருடக்கணக்கில் சாப்பிட்டவருக்குக் கொடுத்தால் வலிப்பையே கிளப்பலாம். அதனால் அங்கே டாக்டர் கேட்கும் முதல் கேள்வி “இவர் இதைத் தினமும் சாப்பிடுவாரா, எத்தனை நாளா?” என்பதாகத்தான் இருக்கும். கூடப் போகிறவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.